நியூட்ரல் அறுந்த இரவு

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை விடுதியில் ஃபோன் பேச உனக்குக் கொடுத்த பத்து நிமிடத்தில் ஏழு நிமிடம் அம்மாவிடம் சாம்பாரைப் பற்றிப் பேசினாய். மிச்சத்தில் என்னிடம், "இயற்பியலில் எழுபதுக்கு முப்பத்தொன்றுதான் அப்பா, சூத்திரம் எல்லாம் தெரியும், கணக்குதான் வரவில்லை" என்றாய். பதில் சொல்வதற்குள் வரிசையில் நின்ற பிள்ளைக்கு ஃபோன் கை மாறிவிட்டது. அதனால்தான் கடிதம். மோட்டார் காயில் கட்டுகிறவன் மகளுக்குக் கரண்ட் பாடத்திலேயே மார்க் போய்விட்டது என்று உன் அம்மா இரண்டு நாளாக என்னைத்தான் கேலி செய்கிறாள்.

எதிர்வீட்டுப் பையன் படித்து முடித்த பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ் வழிப் புத்தகத்தை வாங்கிவந்து கடையில் வைத்துக்கொண்டேன். முதல் தொகுதி, இரண்டாவது பாடம், மின்னோட்டவியல். வார்னிஷ் காய்கிற நேரத்தில் படித்தேன். ஐ.டி.ஐ. முடித்து இத்தனை வருடம் கழித்துப் படிக்கிறேன், 'மின்னியக்கு விசை' என்று வந்த இடத்தில் ஒரு டீ ஆறும்வரை உட்கார்ந்துவிட்டேன். புரிந்த பிறகு பார்த்தால், பாடத்தில் பாதி நம் கடையில் தினமும் நடப்பதுதான்.

நீ தவறவிட்டதாகச் சொன்ன கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். 40 வாட்ஸ் பல்பையும் 100 வாட்ஸ் பல்பையும் தொடராக, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, இணைத்து 230 வோல்ட் கொடுத்தால் எது பிரகாசமாக எரியும்? நீ 100 என்று எழுதினாய். எழுதும்போது சந்தேகமே வரவில்லை என்றாய். அதுதான் எனக்கு ஆச்சரியம். ஏனென்றால் இந்தக் கணக்கை நீ ஆறாவது படிக்கும்போதே கண்ணால் பார்த்திருக்கிறாய்.

நம் டிவி வெடித்த இரவு நினைவிருக்கிறதா? ஆடிக் காற்று. தெருவில் தென்னை மட்டை விழுந்து கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்துவிட்டது. நம் வீட்டில் குண்டு பல்பு மஞ்சளிலிருந்து வெள்ளையாகி, கண் கூசும்படி எரிந்து, 'டப்' என்று போனது. அடுத்த நொடி டிவிக்குப் பின்னாலிருந்து புகை. நீ அழுதுகொண்டு அப்பத்தா மடியில் ஏறிவிட்டாய். அதே நேரத்தில் பக்கத்து வீட்டு அத்தை வந்து, "எங்கள் வீட்டில் விளக்கெல்லாம் மங்கிப்போய் மின்மினி மாதிரி எரிகிறது" என்றார்கள். ஒரே தெரு, ஒரே கம்பம். ஒரு வீட்டில் வோல்ட் அதிகம், இன்னொரு வீட்டில் குறைவு. ஏன்?

கம்பத்தில் கரண்ட் வருகிற கம்பிகளுக்குப் பேஸ் என்று பெயர், திரும்பிப் போகிற பொதுக் கம்பி நியூட்ரல். நம் வீடு ஒரு பேஸில், அவர்கள் வீடு இன்னொரு பேஸில். நியூட்ரல் இருக்கும்வரை இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாக 230 வோல்ட். நியூட்ரல் போனதும் கரண்டு திரும்பிப் போக அந்த வழி இல்லை. நம் வீட்டுக்குள் வந்தது அவர்கள் வீடு வழியாக அடுத்த பேஸுக்குப் போக வேண்டியதாயிற்று. அதாவது இரண்டு வீடும் தொடரிணைப்பு ஆகிவிட்டது. இரண்டு பேஸுக்கும் இடையில் 400 வோல்ட். நம் வீட்டில் அப்போது பல்பும் டிவியும் மட்டும், மொத்தம் 200 வாட்ஸ் என்று வைத்துக்கொள். அவர்கள் வீட்டில் கிரைண்டரும் ஹீட்டரும் சேர்ந்து 1000 வாட்ஸ். மின்தடை எவ்வளவு? 230ஐ 230ஆல் பெருக்கி, வாட்ஸால் வகுத்தால் நம் வீடு 264.5 ஓம், அவர்கள் வீடு 52.9 ஓம். குறைவாகக் கரண்ட் எடுக்கிற வீட்டுக்குத்தான் மின்தடை அதிகம். தொடரில் ஓடுகிற மின்னோட்டம் ஒன்றேதான், ஆகவே 400 வோல்ட் மின்தடைக்குத் தகுந்தபடி பிரியும். போட்டுப் பார், நம் வீட்டுக்கு 333 வோல்ட், அவர்களுக்கு 67. பாவம், டிவி என்ன செய்யும்?

உன் கேள்வியும் இதேதான். 40 வாட்ஸ் பல்பின் மின்தடை 1322.5 ஓம், 100 வாட்ஸ் பல்புக்கு 529 ஓம். மின்னோட்டம் சுமார் 0.124 ஆம்பியர், இரண்டிலும் ஒன்றே. சின்ன பல்பு 20 வாட்ஸுக்குக் கொஞ்சம் மேலே எரியும், பெரிய பல்பு 8 வாட்ஸில் சிவந்து கிடக்கும். நீ என்ன செய்தாய் தெரியுமா? பல்பின் தலையில் அச்சடித்த 100 என்பதை அதன் சொந்தக் குணம் என்று நம்பிவிட்டாய். அது 230 வோல்ட் முழுதாகக் கிடைத்தால் மட்டும் செல்லுபடியாகும் எண். பல்போடு பிறந்தது அதன் மின்தடை. ஆகவே எந்தச் சுற்றைப் பார்த்தாலும் சூத்திரத்தைத் தேடுவதற்கு முன்னால், இங்கே இரண்டுக்கும் பொதுவானது எது என்று கேள். ஐ மின்னோட்டம், வி மின்னழுத்தம், ஆர் மின்தடை. தொடரில் மின்னோட்டம் பொது, ஐ ஸ்கொயர் ஆர் போடு. பக்க இணைப்பில் மின்னழுத்தம் பொது, வி ஸ்கொயர் பை ஆர் போடு. இரண்டு சூத்திரமும் உனக்குத் தெரியும். எங்கே எது என்பதில்தான் முப்பத்தொன்று.

மின்தடை பிறவிக் குணம் என்று எழுதிவிட்டேன், அதிலும் ஒரு பொய் கலந்திருக்கிறது. நம் கடை மேஜையில் மரப்பலகையில் ஒரு 100 வாட்ஸ் பல்பு மாட்டியிருப்பேனே, சீரிஸ் போர்டு. புதிதாகக் கட்டிய மோட்டாரை நேராகக் கரண்டில் கொடுக்காமல் அந்தப் பல்போடு தொடரில் வைத்துப் பார்ப்பேன். பல்பு முழுதாக எரிந்தால் காயில் ஷார்ட், மங்கலாக எரிந்தால் சரி, எரியவே இல்லை என்றால் எங்கோ அறுந்திருக்கிறது. நேற்று அந்தப் பல்பைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தேன். 529 ஓம் காட்ட வேண்டும், அல்லவா? 40 ஓம் பக்கத்தில் நின்றது. மீட்டர் கெட்டுவிட்டதோ என்று வேறொன்றை வைத்தேன், அதுவும் அப்படித்தான். பிறகுதான் உன் புத்தகத்தில் வெப்பநிலை மின்தடை எண் என்ற பகுதியைப் படித்தேன். டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது 40, வெள்ளையாகக் காய்ந்தபின் 529. இத்தனை வருடம் அந்தப் பல்பு வெளிச்சத்தில் வேலை செய்தவனுக்கு இது தெரியாது. தேர்வில் மின்தடை மாறாது என்று வைத்துத்தான் கணக்குப் போடச் சொல்வார்கள், அப்படியே போடு. ஆனால் மின்னழுத்தம் கூடினால் மின்னோட்டமும் அதே விகிதத்தில் கூடும் என்கிற ஓம் விதிக்கு 'வெப்பநிலை மாறாதபோது' என்ற வால் ஏன் இருக்கிறது என்று கேட்டால் எழுத உனக்கு நம் கடைப் பல்பு இருக்கிறது.

மின்னழுத்தம் இருந்தால் மின்னோட்டமும் இருக்கும் என்ற எண்ணத்தையும் விட்டுவிடு. எனக்குப் பத்தொன்பது வயதில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். டெஸ்டரை வைத்தால் எரிகிறது, பல்பு எரியவில்லை. பல்பு ஃபியூஸ் என்று சொல்லி அவர்களை இரண்டு பல்பு வாங்கவைத்தேன். அப்போதும் எரியவில்லை. பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிந்தது, அது எதைக் காட்டுகிறது என்று யோசிக்கக்கூடத் தெரியவில்லை. முதலாளி வந்தார், மெயினில் கழன்றிருந்த நியூட்ரலை முறுக்கினார், எரிந்துவிட்டது. "போவதற்கு வழி பார்த்தாயே, திரும்பி வருவதற்கு வழி பார்த்தாயா?" என்று அந்த வீட்டுக்காரர்கள் எதிரிலேயே கேட்டார். இரண்டு பல்பின் காசும் என் கூலியில் கழிந்தது. மூடிய சுற்று என்று புத்தகத்தில் இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறார்கள், எனக்கு அது ஒரு நாள் கூலி.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஸ்விட்ச் போட்டதும் கரண்ட் ஓடி வருகிறதா என்று கேட்பாய். வேகமாக ஓடி வரும் என்று சொல்லிவைத்தேன். தப்பு. 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் நேர்மின்னோட்டம் போனால், அதிலுள்ள எலக்ட்ரான்கள் ஒரு மணி நேரத்தில் நகர்வது ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே. அவ்வளவுதான் இழுப்புத் திசைவேகம். நத்தை ஜெயித்துவிடும். நம் வீட்டு மாறுமின்னோட்டத்திலோ அதுவும் கிடையாது, நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். கம்பி முழுக்க எலக்ட்ரான் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது, ஸ்விட்ச் போட்டதும் மின்புலம் பரவி எல்லாம் ஒன்றாக அசைகிறது, பல்பும் உடனே எரிகிறது. இந்தக் கணக்கில் உங்கள் ஆட்கள் சறுக்குவது பரப்பில்தான். மில்லிமீட்டரை மீட்டராக்கும்போது சதுரத்தை மறந்துவிடுவார்கள்.

போன மாதம் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்புக்காரர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்றாவது தடவை எரிந்திருக்கிறது. காயிலில் குறை இல்லை. போய்ப் பார்த்தால் கரண்ட் சர்வீஸிலிருந்து போர்வெல் 150 மீட்டர் தள்ளி, இழுத்திருப்பது 1.5 சதுர மில்லிமீட்டர் கேபிள். செம்பின் மின்தடை எண்ணை எடுத்துக்கொள், போக வர 300 மீட்டர், மின்தடை 3.4 ஓம் வரும். ஒரு குதிரைத்திறன் சிங்கிள் பேஸ் மோட்டார் 7 ஆம்பியர் இழுத்தால் ஏறக்குறைய 24 வோல்ட் வழியிலேயே தீர்ந்துபோகிறது. கிளம்பும்போது இழுப்பது அதைப்போலப் பல மடங்கு, அப்போது மோட்டாருக்கு என்ன மிஞ்சும்? 4 சதுர மில்லிமீட்டர் போடச் சொன்னேன், இழப்பு 9 வோல்ட்டாகக் குறைந்தது. இப்போது ஓடுகிறது. அவர் மூன்று தடவை காயில் கட்டிய காசில் நல்ல கேபிளே வாங்கியிருக்கலாம்.

மின்கலத்தின் அக மின்தடையும் இந்தக் கேபிள் சமாசாரம்தான், பேட்டரிக்குள்ளேயே இருக்கிற கேபிள் என்று நினைத்துக்கொள். மாமா டிராக்டரைக் கிளப்பும்போது ஹெட்லைட் மங்குகிறது அல்லவா? பேட்டரி 12 வோல்ட், அக மின்தடை 0.02 ஓம், ஸ்டார்ட்டர் 100 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்தால், 2 வோல்ட் உள்ளேயே போய்விடும், வெளியே 10தான். அந்த 12 மின்னியக்கு விசை, 10 முனை மின்னழுத்தம். என் டீ ஆறிய இடம் இதுதான்.

பல கிளை உள்ள சுற்றில் மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் கணக்கிட உதவும் கிர்க்காஃப் விதிகள் வந்தால் பயந்துவிடாதே. கிர்க்காஃப் அவற்றைச் சொன்னது 1845இல், 21 வயது மாணவராக இருந்தபோது. உன்னைவிட நான்கு வயதுதான் மூத்தவர். படத்தைப் பெரிதாக வரை, ஒவ்வொரு கிளைக்கும் மின்னோட்டத்துக்கு ஓர் அம்புக்குறி போடு, சுற்றை ஒரே திசையில் சுற்றி வா. விடை மைனஸில் வந்தால் அடிக்காதே. திசையை மாற்றிப் போட்டிருக்கிறாய், அவ்வளவுதான், அளவு சரி. வீட்ஸ்டோன் சமனச்சுற்றைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, உங்கள் டீச்சரைக் கேள்.

கடைக்கு மிக்ஸி கொண்டுவருகிற ஓய்வுபெற்ற கல்லூரி வாத்தியார் ஒருவர், ஓம் விதியைச் சொன்ன ஓம் என்பவரைப் பற்றிச் சொன்னார். ஓமுடைய அப்பா ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில் பூட்டுச் செய்கிறவராம். பட்டறை வேலைக்காரர், தானே படித்து, பிள்ளைகளுக்குத் தானே கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். மகன் முதலில் வோல்டா அடுக்கு என்ற பழைய பேட்டரியை வைத்துச் சோதனை செய்தபோது மின்னழுத்தம் நிலையாக நிற்கவில்லை, சூட்டு வித்தியாசத்தால் மின்னழுத்தம் தருகிற வெப்ப மின்னிரட்டைக்கு மாறிய பிறகுதான் கணக்கு ஒத்துவந்தது. 1827இல் விதியைப் புத்தகமாகப் போட்டார், அவர்கள் நாட்டிலேயே பெரிதாக யாரும் மதிக்கவில்லை. 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தது. வாத்தியார் போனபிறகும் நான் அந்தப் பூட்டுக்காரரையே நினைத்துக்கொண்டிருந்தேன். மிக்ஸிக்கு அவரிடம் காசு வாங்கவில்லை, அம்மாவிடம் சொல்லிவிடாதே.

பார்சலில் முறுக்கும் தலைவலித் தைலமும் இருக்கின்றன. ஒரு கணக்கும் அனுப்புகிறேன். அந்த ஆடி இரவில் உன் அம்மா சீருடை தேய்த்துக்கொண்டிருந்தாள் என்று வைத்துக்கொள். நம் வீட்டில் 200 வாட்ஸோடு 800 வாட்ஸ் அயர்ன் பாக்ஸும் சேர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டில் அதே 1000 வாட்ஸ். நியூட்ரல் அறுந்தால் டிவிக்கு எத்தனை வோல்ட் வரும், டிவி பிழைத்திருக்குமா? விடையைக் கடைச் சுவரில் சாக்பீஸால் எழுதிவைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாம்பாருக்கு ஐந்து நிமிடம் போதும், மிச்சம் எனக்கு.

அன்புடன்,
அப்பா