இயக்குநர் குழுவும் பதில் சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தொழில்நுட்ப நிறுவனம் ஒன்று சரிந்தால் பழி முழுவதும் தலைமைச் செயல் அதிகாரியின் தலையில் விழுகிறது. சரி, அவரை நியமித்தது யார்? நோக்கியாவில் 2010இல் ஸ்டீபன் எலோப்பைக் கொண்டுவந்தது இயக்குநர் குழு. 2011இல் சிம்பியன் என்ற தன் கைப்பேசி இயங்குதளத்தைக் கைவிட்டு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போனுக்கு மாறத் தலையசைத்ததும் அதே குழுதான். 2013இல் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்க முடிவானது. வரிப் பிரச்சினையால் அந்த விற்பனையில் சேராமல் போன ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2014 நவம்பரில் நின்றது. இரவு ஷிஃப்ட் முடிந்து, கழுத்தில் அடையாள அட்டையோடு கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்த பெண்கள் எந்தத் தீர்மானத்திலும் கையெழுத்துப் போடவில்லை.

இயக்குநர்கள் கவனத்தோடும் சுயமாகவும் முடிவெடுக்க வேண்டும் என்கிறது நம் 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம், 166ஆவது பிரிவு. தீர்மானத்தை எதிர்த்தவர் பெயரையும் கூட்டக் குறிப்பில் எழுத வேண்டும். ஆனால் அந்தக் குறிப்பைப் பங்குதாரர் கேட்டுப் பார்க்க வழியில்லை. பெரிய முடிவு ஒன்று நஷ்டத்தில் முடிந்தால், யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்பதை ஆண்டறிக்கையில் அச்சிட வேண்டும். அதற்குச் சட்டத்தைத் திருத்த வேண்டும்.

ஒரு வாசகர்,
பூந்தமல்லி, சென்னை