எங்கள் ஹாலில் மைதானம் அடங்காது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கையை ஆட்டி, உடம்பை வளைத்து விளையாடும் வீடியோ கேம்களைப் பற்றிச் சென்ற இதழில் நான்கு பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். எழுதியவருக்கு நல்ல நடை. அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றாம் பக்கத்தில் கட்டம் கட்டி, பெரிய எழுத்தில் ஒரு வரி: “இனி பிள்ளைகளுக்கு மைதானம் அவசியமில்லை, வரவேற்பறையே மைதானம்!”

அந்தப் பக்கம் இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா? எங்கள் ஹவுசிங் சொசைட்டியின் அறிவிப்புப் பலகையில். “காம்பவுண்டுக்குள் பந்து விளையாடக் கூடாது, மீறினால் அபராதம்” என்ற பழைய அறிவிப்புக்கு நேர் கீழே, நான்கு மூலையிலும் குண்டூசி குத்தி வைத்திருக்கிறார் எங்கள் செயலாளர். அவரும் தமிழர்தான், உங்கள் சந்தாதாரர்தான். வெகுகாலமாக அவர் தேடிக்கொண்டிருந்த நியாயத்தை நீங்கள் அச்சடித்தே கொடுத்துவிட்டீர்கள். மிக்க நன்றி.

வரவேற்பறை என்று உங்கள் கட்டுரையாளர் எதைச் சொல்கிறாரோ தெரியவில்லை. சென்னையில் சொந்த வீட்டில் உட்கார்ந்து எழுதியிருப்பார் போலிருக்கிறது. தாராவியில் தொடங்கி மாட்டுங்கா, சயன், செம்பூர் என்று மும்பையில் உங்கள் இதழை வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு வரவேற்பதற்கென்று ஓர் அறை இருக்கிறது? எங்கள் ஹால் பத்தடிக்குப் பன்னிரண்டு. சோபா, டிவி, பீரோ, மடக்குக் கட்டில் எல்லாம் அதில்தான். மழைக்காலம் வந்துவிட்டால் குறுக்கே துணிக்கொடியும் உண்டு. காலையில் சாப்பாட்டு அறை, மாலையில் பிள்ளைகள் படிக்கும் அறை, இரவில் படுக்கையறை. 2010இல் ஆடுபவரின் உடலசைவைக் கேமராவால் பார்க்கும் கினெக்ட் என்ற கருவி வெளிவந்தபோது ஒருவர் ஆட ஆறடி, இருவர் ஆட எட்டடி தள்ளி நிற்க வேண்டும் என்று தயாரித்த மைக்ரோசாஃப்ட் நிறுவனமே சொன்னது. எங்கள் வீட்டில் டிவியிலிருந்து எட்டடி பின்னால் போனால் சமையல் மேடை முதுகில் இடிக்கும்.

அப்படியும் பேத்தி ஒருநாள் குதித்தாள். கீழ் வீட்டு மராத்திக் காகு, அதாவது சித்தி, மேலே ஏறி வந்துவிட்டார். நல்ல மனுஷி, கோபித்துக்கொள்ளவில்லை. தன் வீட்டு மின்விசிறி ஆடுகிறது என்று சொல்லிவிட்டு, “பிள்ளைகளைக் கீழே விளையாட அனுப்பக் கூடாதா?” என்று கேட்டார். எங்கே அனுப்புவது? கீழே இருப்பவை கார்கள். என் பிள்ளைகள் சுவரில் கரியால் ஸ்டம்ப் வரைந்து ஆடிய இடத்தில் இன்று மஞ்சள் கோடு போட்டு எண் எழுதியிருக்கிறது. இதைப் பற்றி உங்களுக்கு முன்பே ஒரு கடிதம் எழுதினேன். “இடமின்மையால் பிரசுரிக்க இயலவில்லை” என்று அஞ்சலட்டை வந்தது. அதே வாரம் ஒரு நடிகையின் நாய்க்குட்டிக்கு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். நாய்க்குட்டி அழகாகத்தான் இருந்தது.

சிவாஜி பார்க் மைதானம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. டெண்டுல்கர் பயிற்சியாளர் அச்ரேக்கரிடம் கிரிக்கெட் பயின்ற இடம், யார் மறுத்தார்கள்? ஏழு வயதுப் பெண்ணை மாட்டுங்காவிலிருந்து அங்கே தனியாக அனுப்பச் சொல்கிறீர்களா? பிள்ளைக்கு வேண்டியது வீட்டு ஜன்னலிலிருந்து கூப்பிட்டால் காது கேட்கும் தூரத்தில் கொஞ்சம் வெறும் தரை.

இதையெல்லாம் வைத்து என்னை இந்த விளையாட்டுக்கு விரோதி என்று நினைத்துவிட வேண்டாம். உங்கள் கட்டுரையாளரைவிட எனக்கு இதில் பழக்கம் அதிகம் என்றுகூடச் சொல்வேன். என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தபோது, என் தம்பி மகன் லாமிங்டன் சாலையிலிருந்து யாரோ பயன்படுத்திய நின்டெண்டோ வீ (ரிமோட்டைக் கையில் வீசி ஆடும் வீடியோ கேம் பெட்டி) ஒன்றை மலிவாக வாங்கி வந்தான். மகள் இயன்முறை மருத்துவர். பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் ஆட வையுங்கள் என்றாள். ரிமோட்டின் அடிப்பொத்தானை விரலால் அழுத்திப் பிடித்து, கையைப் பின்னால் கொண்டுபோய், முன்னால் வீசும்போது பொத்தானை விட வேண்டும். அவருக்கு விரல் நேரத்துக்கு விலகாது. சில சமயம் முன்பே விலகிவிடும். பந்து பின்பக்கம் போய் விழும், திரையில் வேடிக்கை பார்க்கும் பொம்மைகள் எல்லாம் துள்ளிக் குதிக்கும். “இவர்களையும் அடித்துவிட்டேனா?” என்று அவர் கேட்பார். பேரனும் அவரும் சமமாக உட்கார்ந்து ஆட வேறு என்ன ஆட்டம் இருந்தது அப்போது? அதற்காக அந்தப் பெட்டிக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். நானும் ஆடினேன். எங்கள் காலத்தில் பெண்பிள்ளை கையில் மட்டையை யார் கொடுத்தார்கள்?

ஆனால் உங்கள் கட்டுரையாளர் “பக்கவாதத்துக்கும் மருந்து” என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறாரே, அதுதான் பொறுக்கவில்லை. 2016இல் லான்செட் நியூராலஜி இதழில் ஓர் ஆய்வு வந்தது. மகள்தான் படித்துச் சொன்னாள். பக்கவாதம் வந்த 141 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வீ கொடுத்தார்கள். மற்றதற்குச் சீட்டு, பிங்கோ, ஜெங்கா போன்ற சாதாரண ஆட்டங்கள். கை தேறியதில் இரு பிரிவுக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. சீட்டுக்கட்டு எல்லார் வீட்டிலும் இருக்கிறது, அதற்கு மின்கட்டணமும் கிடையாது. இதை எழுதினால் கட்டுரையின் பளபளப்பு குறைந்துவிடுமோ?

“ஒரு மணி நேர டென்னிஸுக்கு இணையான உடற்பயிற்சி” என்பது அடுத்த முத்து. என் பேரன் எப்படி டென்னிஸ் ஆடுகிறான் என்று வந்து பாருங்கள். சோபாவில் மல்லாந்து, முழங்காலை மடித்து, இடது கையில் முறுக்கு. வலது மணிக்கட்டை மட்டும் சுண்டுகிறான், வெல்கிறான். 2006இல் வந்த வீ ரிமோட்டுக்குள் கைவீச்சை அறிய இருப்பது தன் சொந்த அசைவின் முடுக்கத்தை அளக்கும் ஒரு சில்லு. 2009இல் திரும்பும் வேகத்தை அளக்கும் கைரோஸ்கோப்பையும் சேர்த்தார்கள். அப்போதும் ஆடுபவரின் கால் ஓடியதா, படுத்திருந்ததா என்று அதற்குத் தெரியாது. இது நான் கண்டுபிடித்த விஷயமல்ல. 2007இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியவர்கள், உட்கார்ந்து ஆடும் கேமைவிட இதில் சக்தி அதிகம் செலவாகிறது, ஆனால் நிஜ விளையாட்டில் செலவாகும் அளவுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். 2012இல் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் வந்த ஆய்வு இன்னும் மோசம்: இவ்வகை கேம்களை வீட்டுக்கே கொடுத்தும், அந்தப் பிள்ளைகளின் மொத்த உடலுழைப்பு மற்றப் பிள்ளைகளைவிடக் கூடவில்லை.

ஆபத்தே இல்லாதது என்றும் எழுதியிருக்கிறார். வீ வந்த அடுத்த மாதமே, 2006 டிசம்பரில், மணிக்கட்டு நாடா அறுந்து ரிமோட் பறக்கிறது என்ற புகாரில் நின்டெண்டோ 32 லட்சம் நாடாக்களை மாற்றித் தர முன்வந்தது. 2007இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் ஒருவர், மணிக்கணக்கில் திரை டென்னிஸ் ஆடித் தனக்கே தோள் தசைநாண் வீங்கியதை நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினுக்குக் கடிதமாக எழுதினார். அவர்கள் அதைப் பிரசுரித்தார்கள், ஆசிரியரே. அங்கே இடம் இருந்திருக்கிறது.

“நாளைய தொழில்நுட்பம்” என்ற துணைத்தலைப்பைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. 60 நாளில் 80 லட்சம் விற்று கின்னஸில் ஏறிய கினெக்டின் உற்பத்தியையே 2017இல் நிறுத்திவிட்டார்கள்.

பேத்தியின் பள்ளியைப் போன்றவற்றை வேறு “முன்னோடிகள்” என்று பாராட்டுகிறீர்கள். அங்கே மழைக்காலத்தில் உடற்பயிற்சி வகுப்பு கிடையாது, ‘ஆக்டிவிட்டி ரூம்’. வகுப்பு முழுவதற்கும் இரண்டு ரிமோட். இருவர் ஆடுவார்கள், மற்றவர்கள் சுவரோரம் உட்கார்ந்து கைதட்டுவார்கள். இதற்குத் தனிக் கட்டணம். மழை நின்ற பிறகும் பழைய வகுப்பு திரும்பி வரவில்லை. மைதானத்தில் பள்ளிப் பேருந்துகள் நிற்கின்றன. இப்படிப் பிடித்துக்கொண்டவர்கள் எல்லாரும் ஒரு சாக்குக்காகக் காத்திருப்பவர்கள். அவர்கள் கையில் போய் அந்த ‘மைதானம் அவசியமில்லை’ வரியைக் கொடுத்திருக்கிறீர்களே என்பதுதான் என் ஆற்றாமை. மழைநாளில் ஆடட்டும், நோயாளி ஆடட்டும், தாத்தாவும் பேரனும் சேர்ந்து ஆடட்டும். அதற்கு ஈடாகத் தரையை எழுதிக் கொடுக்கச் சொல்லாதீர்கள்.

நான்கு பக்கக் கட்டுரையை நீங்கள் திரும்பப் பெறப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். குறைந்தபட்சம் இரண்டாம் பக்கப் படத்தின் அடிக்குறிப்பையாவது திருத்துங்கள். டிவிக்கு முன்னால் இருக்கும், வீயோடு வரும் கறுப்புப் பட்டை ‘ஆடுபவரைப் படம் பிடிக்கும் கேமரா’ அல்ல. அதில் கேமராவே கிடையாது. இரு முனையிலும் அகச்சிவப்பு விளக்குகள், அவ்வளவுதான். அந்த விளக்குகளைப் பார்க்கும் கேமரா ரிமோட்டின் மூக்கில் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பட்டையின் ஒயர் அறுந்தபோது தம்பி மகன் டிவி ஸ்டாண்டில் ஒரு சாண் இடைவெளி விட்டு இரண்டு அகல் விளக்குகளை ஏற்றி வைத்தான். திரையில் கைச்சின்னம் நகர்ந்தது, ஆட்டமும் நடந்தது. உங்கள் அலுவலகத்தில் யாராவது செய்து பார்க்கலாம். திரைச்சீலை பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடம் இருந்தால் இக்கடிதத்தை வெளியிடுங்கள். பெயரும் கட்டடத்தின் பெயரும் வேண்டாம். பராமரிப்புக் கட்டண ரசீதில் கையெழுத்துப் போடுபவர் அதே செயலாளர்தான். எங்கள் கழிவறைக் கசிவு மனு இன்னும் அவர் மேஜையில் கிடக்கிறது.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
மாட்டுங்கா, மும்பை.