கேற்றுக்கு உள்ளே விழுந்த கடி யாருடைய கணக்கில்?

வன்னியில் கிளை வைத்துப் பார்சல் விநியோகிக்கும் கூரியர் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதியில் ஐந்து வருடமாகப் பார்சல் கொண்டு ஓடுகிறேன். தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சில நாள்களில் புதுக்குடியிருப்பு வரைக்கும். மழையில் பார்சல் நனையாமல் காப்பாற்றுவது, இலக்கம் இல்லாத வீட்டை "சந்தியில இருந்து மூண்டாவது ஒழுங்கை, மாமரத்தடி" என்று கேட்டுப் பிடிப்பது எல்லாம் தொழிலோடு வந்தவை. அவற்றைப் பற்றி முறையிட இதை எழுதவில்லை. நாய்க்கடியைப் பற்றி எழுதுகிறேன்.

போன மாதம் விசுவமடுப் பக்கம் ஒரு வீடு. நீளமான வளவு, வீடு நல்லா உள்ளுக்கு. படலையடியில் நின்று போன் எடுத்தேன். "உள்ள வாங்கோ தம்பி, அது கடிக்காது" என்றார் அந்த அக்கா. மோட்டார் சைக்கிளை ஒழுங்கையில் விட்டுவிட்டு நடந்தேன். பாதி வழியில் கிணற்றடியிலிருந்து வந்தது. குரைக்கவில்லை. வலது காலின் கெண்டைச் சதையைப் பிடித்து ஒரு உலுப்பு உலுப்பிவிட்டுத்தான் விட்டது. அந்த நேரம் நான் செய்த முதல் வேலை, பார்சலைத் தலைக்கு மேலே தூக்கியது. உள்ளே கண்ணாடிச் சாமான். உடைந்தால் என் கணக்கில் கழியும் என்று கை தானாகத் தூக்கிவிட்டது. செருப்பில் இரத்தம் வழுக்கியதை விட, அந்தக் கை தூக்கியதுதான் இன்றைக்கும் நெஞ்சை அடைக்கிறது.

அக்கா ஓடி வந்து தண்ணீர் அள்ளி ஊற்ற, சவர்க்காரம் போட்டுக் கால்மணி நேரம் கழுவினேன். இதைச் சக ஓட்டுநர்களுக்காகவும் எழுதுகிறேன்: கோப்பித்தூளோ மஞ்சளோ அப்ப வேண்டாம். ஓடும் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர் நோயின் அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. தொடங்குமுன் ஊசி போட்டால் தடுத்துவிடலாம். எனக்கு அன்று ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று, ஏழாம் நாள் ஒன்று, ஒரு மாதம் கழித்து இன்னொன்று என்று எழுதித் தந்தார்கள். அரச ஆஸ்பத்திரியில் ஊசிக்குக் காசு இல்லை. ஆனால் ஊசிக்குப் போகிற நாளில் எனக்கு உழைப்பும் இல்லை. வரிசையில் நின்று ஊசி போட்டு வெளியே வர மதியமாகும், அதற்குப் பிறகு எந்தப் பார்சலை எடுத்துக்கொண்டு ஓடுவது?

கடி விழுந்த அன்று பின்னேரம், கட்டுப் போட்ட காலோடு கிளைக்குப் போய், வாடிக்கையாளர்களிடம் வாங்கிய காசைக் கட்டினேன். நடந்ததைச் சொன்னேன். "அது உங்கட சொந்த விசயம். நீங்கள் கம்பனி ஆள் இல்லைதானே, கொமிஷனுக்குத்தானே ஓடுறீங்கள்" என்றார்கள். சொன்னவர் கெட்ட மனிதர் இல்லை. மேலிடம் சொன்னதை அவர் என்னிடம் சொன்னார். அதனால்தான் இந்த மடல் மேலிடத்துக்கு.

அந்தப் பதில் சட்டப்படி அவ்வளவு சுலபமாக நிற்காது என்று பிறகுதான் அறிந்தேன். 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், தொழிலின்போது தொழிலின் காரணமாக ஏற்படும் காயத்துக்குத் தொழில் தருநரைப் பொறுப்பாக்குகிறது. உங்கள் பார்சலைக் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் வாடிக்கையாளர் கூப்பிட, அவர் வளவுக்குள் நடந்தபோது விழுந்த கடி தொழிலின்போது விழுந்தது இல்லையென்றால் வேறு எதை அப்படிச் சொல்வது? நான் உங்கள் ஊழியனா, சொந்தமாகத் தொழில் செய்பவனா என்பதுதான் நீங்கள் பிடிக்கும் கொம்பு. ஆனால் கடதாசியில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதோடு நீதிமன்றங்கள் நின்றுவிடுவதில்லை. யாருடைய கட்டுப்பாட்டில் வேலை நடக்கிறது என்றும் பார்க்கின்றன. காலையில் எத்தனை மணிக்கு வரவேண்டும், எந்தப் பாதையில் போகவேண்டும், எந்தச் சட்டை போடவேண்டும், பார்சல் திரும்பினால் எவ்வளவு கழியும் என்பதையெல்லாம் நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள். பெற்றோலும் கடியும் மட்டும் என்னுடையவை.

சரி, நாய்க்காரரிடம் கேட்கலாமே என்பீர்கள். கேட்கலாம், வழி இருக்கிறது. நம் நாட்டில் வழங்கும் ரோமன் டச்சுச் சட்டத்தில், வளர்ப்புப் பிராணி இன்னொருவரைக் காயப்படுத்தினால் சொந்தக்காரரிடம் நட்டஈடு கேட்கும் பழைய உரிமை ஒன்று உண்டு. கடிபட்டவர் நாயைச் சீண்டியிருக்கக் கூடாது, அந்த இடத்தில் நிற்க அவருக்கு உரிமை இருந்திருக்க வேண்டும். "உள்ள வாங்கோ" என்று கூப்பிட்டால் அந்த உரிமை வந்துவிடுகிறது. ஆகவே தம்பிமாரே, அந்த அழைப்பின் பதிவைப் போனிலிருந்து அழிக்காதீர்கள். காயத்தைப் படம் எடுங்கள், பொலிஸில் முறைப்பாட்டைப் பதிந்து வையுங்கள், ஆஸ்பத்திரித் துண்டைக் கவனமாக வைத்திருங்கள். வழக்குப் போட இரண்டு வருடம்தான், 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. சிறிய தொகையென்றால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போகவேண்டி வரும், அங்கே சட்டத்தரணி தேவையில்லை. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

ஆனால் நான் அந்த அக்கா மேல் வழக்குப் போடவில்லை. போடவும் மாட்டேன்.

அவர் தனியாகப் பிள்ளைகளை வளர்க்கிறார். 2009க்குப் பிறகு இந்த மண்ணில் எத்தனை வீடுகளைப் பெண்கள் தனியே சுமக்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும். கம்பி வேலி, பூட்டாத படலை, இரவில் ஒரு சத்தம் கேட்டால் முதலில் எழும்புவது அந்த நாய்தான். அதை அவர் வளர்ப்பதில் நான் குறை காண மாட்டேன். மத்தியஸ்த சபையில் அவரை முன்னால் இருத்தி, பால் விற்ற காசில் எனக்கு ஊசி நாளின் கூலியைத் தா என்று கேட்க என்னால் முடியாது. சட்டம் எனக்குத் தரும் வழியை என் மனச்சாட்சி மூடிவிடுகிறது. என்னைப்போலப் பலர் இப்படித்தான் பேசாமல் கட்டுப் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். இந்த மௌனத்தில் இலாபம் காண்பது அந்த அக்கா இல்லை, நீங்கள். ஒவ்வொரு பார்சலிலும் விநியோகக் கட்டணம் வாங்குவது நீங்கள், ஆபத்தின் முதல் சுமையும் உங்களிடம்தான் இருக்கவேண்டும்.

அதே படலைக்குத் தபாற்காரரும் வருகிறார். அவருக்கும் அதே நாய்தான். ஆனால் அவர் அரச ஊழியர், கடமையில் காயப்பட்டால் விபத்து லீவு என்று அரச ஊழியர்களுக்கான விதிப் புத்தகமான தாபனக் கோவையில் எழுதியிருக்கிறது. செயலியில் வேலை கொடுப்பவர்கள் அதைச் செய்ய முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. சிங்கப்பூரில் 2025 ஜனவரி 1 முதல், செயலி வழியாக விநியோகம் செய்பவர்களுக்கும் வேலைக் காய நட்டஈடு சட்டமாகிவிட்டது.

பிரதேச சபைகளுக்கும் இதில் பங்கு உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901 ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. நான் போய்வரும் வீடுகளில் அப்படிப் பதிந்த ஒரு நாயை இதுவரை காணவில்லை. கடித்த பிறகு "அது எங்கட நாய் இல்லை, ரோட்டு நாய்" என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. நாய்களைக் கொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை. பதிவும் தடுப்பூசியும் கருத்தடையும் ஒழுங்காக நடந்தால் எங்களுக்கும் நாய்களுக்கும் நல்லது.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. கிளையில் ஒரு விபத்துப் பதிவுக் கொப்பி வையுங்கள், கடி விழுந்த அன்றே நாள், இடம், பார்சல் இலக்கத்தோடு எழுதி, கிளைப் பொறுப்பாளர் கையெழுத்து வைக்கட்டும். நாளைக்கு வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளர் முன்னால் போனாலும் அது எங்கள் கையில் இருக்கும். கடிபட்ட நாளுக்கும் ஊசிக்குப் போகும் நாள்களுக்கும், முந்திய மாதத்தின் சராசரி உழைப்பைக் கணக்கிட்டுத் தாருங்கள். நாய் நிற்கும் வீட்டில் படலையோடு நிற்க எங்களுக்கு உரிமை தாருங்கள், வாடிக்கையாளர் வெளியே வராமல் பார்சல் திரும்பினால் அதை எங்கள் தவறாக எண்ணி வெட்டாதீர்கள். செயலியில் வீட்டு விலாசத்துக்குப் பக்கத்தில் "நாய் உண்டு" என்று ஒரு குறிப்புப் போட இடம் விடுங்கள். நான் கடிபட்ட வளவுக்கு அடுத்த கிழமை போகும் புதுப் பையனுக்கு அதைச் சொல்ல இப்போது என்னிடம் வழியே இல்லை. அவனுக்கும் அந்த அக்கா "கடிக்காது" என்றுதான் சொல்வார். உண்மையாகவே நம்பித்தான் சொல்வார்.

இன்னொன்று. வேலைக்குச் சேர்ந்தபோது என்னிடம் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. கிளையில் நின்ற ஆறு பேரும் வாசிக்காமலே கையெழுத்து வைத்தோம். இந்த மடலுக்கு நீங்கள் தரும் பதில் தமிழில் இருக்கட்டும். எழுத்தில் தந்து, காலையில் பார்சல் பிரிக்கும் மேசைக்கு மேலே உள்ள சுவரில் ஒட்டுங்கள்.

என் நான்காவது ஊசி வருகிற புதன்கிழமை. அன்றைக்கு நான் ஓட மாட்டேன். அந்த நாளின் கணக்கிலிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் உங்கள் பார்சலோடு ஓடும் ஒருவன்