ரீடிங் லிஸ்ட்ட மாத்துங்க சார்: எங்க சைக்கியாட்ரி (மனநல மருத்துவ) டிபார்ட்மெண்டுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஹெச்ஓடி சாருக்கும் லைப்ரரி கமிட்டிக்கும் வணக்கம்.

இந்த வருஷமும் புது பிஜிங்க (எம்.டி. படிக்க வந்த டாக்டருங்க) கையில அதே பழைய ரீடிங் லிஸ்ட் ஜெராக்ஸ் வந்திருக்கு. போன வருஷமே நாங்க எழுதிக் குடுத்தோம், "பாக்கலாம்மா"ன்னீங்க. மனநோய்கள வகைப்படுத்தற அமெரிக்கக் கையேடு டிஎஸ்எம், அதுல இன்னும் டிஎஸ்எம்-4 தான் இருக்கு, 1994ல வந்தது, 2013ல டிஎஸ்எம்-5 வந்து 2022ல அதுக்குத் திருத்தமும் வந்தாச்சு. சரி, அத நாங்களே பாத்துக்கறோம். சட்டம்ங்கற இடத்துல 1987 மெண்டல் ஹெல்த் ஆக்ட்னு நிக்குது பாருங்க, அதத்தான் பொறுக்க முடியல.

போன வாரம் நைட் ட்யூட்டி, காஷுவாலிட்டில தற்கொலைக்கு முயற்சி பண்ணி பொழச்ச ஒரு பையன். அவங்கம்மா புது ஜூனியர்கிட்ட "டாக்டரம்மா, கேஸ் போட்டுடுவாங்களா, புள்ளைய ஜெயில்ல வச்சுருவாங்களா"ன்னு கேட்டுகிட்டே இருக்காங்க, பையன் பொழச்சதக்கூட அவங்களால நிம்மதியா நெனைக்க முடியல, நீங்க குடுத்த லிஸ்ட்ட ஒழுங்கா படிச்சுட்டு வந்த அந்தப் பொண்ணு பதில் தெரியாம என் மூஞ்சியப் பாக்குது. அந்த 1987 சட்டத்துக்குப் பதிலா வந்த 2017 மெண்டல் ஹெல்த்கேர் ஆக்ட், 115வது பிரிவு, வேற மாதிரி நிரூபிக்காத வரைக்கும் முயற்சி பண்ணவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்ததாத்தான் எடுத்துக்கணும், தண்டிக்கக்கூடாதுங்குது. எம்எல்சி (மெடிகோ-லீகல் கேஸ்)னு ஆஸ்பத்திரிலேர்ந்து தகவல் போலீஸுக்குப் போறது வேற, கேஸ் வேறன்னு நான் பிரிச்சு சொன்னப்புறம்தான் அந்தம்மா உக்காந்தாங்க. 2018 மே மாசத்துலேர்ந்து அமல்ல இருக்கற சட்டம் சார் இது. நோயாளிய எந்த விதத்துலயும் சங்கிலி போடக்கூடாதுன்னு 95வது பிரிவுல இருக்கு. 2001ல ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில சங்கிலியோட 28 பேர் எரிஞ்சு செத்த ஊர்க்காரங்க நாம, நம்ம லிஸ்ட்ல இது இல்லாம இருக்கலாமா?

லிஸ்ட்ட மாத்துங்க.

கேப்லான் சேடாக் பெரிய புக்கு, ரெண்டு வால்யூம், நாலாயிரம் பக்கத்துக்கு மேல, முதல் வருஷத்துக்கு "மஸ்ட் ரீட்"னு போட்டிருக்கு. வார்டு வேலை, ஓபி, தீசிஸ் எல்லாம் முடிச்சுட்டு அடுத்த ஜென்மத்துல படிச்சிடறோம். அதோட சுருக்கமான சினாப்சிஸ் போதாதா ஆரம்பிக்கறவங்களுக்கு? ஆனா கேஸ் பிரசெண்டேஷன்ல நிக்க வச்சு கேக்கறது என்னவோ குரல் வெளியேர்ந்து கேக்குதா தலைக்குள்ள கேக்குதா, இது டெலூஷனா (அசைக்க முடியாத பொய் நம்பிக்கை) ஓவர்வேல்யூட் ஐடியாவான்னு (அளவுக்கு மீறிப் பிடிச்சுக்கிட்ட எண்ணம்). அதுக்கு சைக்கோபேத்தாலஜி, அதாவது மனநோய் அறிகுறிகளப் பிரிச்சுச் சொல்ற புக்கு, ஃபிஷ்ஷோ சிம்ஸோ படிக்கணும், ரெண்டுமே லிஸ்ட்ல கிடையாது. ஃபிஷ் ஒரே ஒரு காப்பி, அதுவும் ரெஃபரன்ஸ் செக்‌ஷன்ல, நாங்க வார்ட விட்டு எறங்கறதுக்குள்ள லைப்ரரி பூட்டியாச்சு. காலேஜுக்கு கிரேடு போடற நேக் இன்ஸ்பெக்‌ஷன்னா மட்டும் ராத்திரி ஒம்போது வரைக்கும் லைட் எரியுது, அது என்ன மாயமோ!

கோவிச்சுக்காதீங்க சார். தயவுசெஞ்சு லிஸ்ட்ட மாத்துங்க, 2017 சட்டத்தையும் ஒரு சைக்கோபேத்தாலஜி புக்கையும் மேல போடுங்க, ஃபிஷ்ஷ வீட்டுக்கு எடுத்துட்டுப் போற மாதிரி நாலு காப்பி வாங்குங்க. புது ஜெராக்ஸ் செலவ எங்க பேட்ச்சே ஏத்துக்கறோம்.

இப்படிக்கு,
ரெண்டாம் வருஷ பிஜி ஒருத்தி