மழை விடுமுறையும் ‘சாக்கு’ என்ற சொல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் உயர்கல்வி பற்றி வந்த கட்டுரையை முழுவதும் படித்தேன். ‘சிறு ஊர்க் கல்லூரி மாணவர்கள் பருவத்துக்கு ஒரு சாக்கு வைத்திருக்கிறார்கள்’ என்று அதில் ஒரு வரி. எழுதியவர் எந்தப் பருவத்தில் எந்தக் கல்லூரிக்கு வந்து பார்த்தார் என்று கட்டுரையில் இல்லை. வாசலோடு திரும்பிவிட்டார் போலிருக்கிறது.

வேலூர்ப் பக்கத்துச் சிறு கல்லூரி ஒன்றில், வேதியியல் ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் உதவியாளராக இருந்தவன் நான். பேராசிரியர் இல்லை, அதனால் என் பேச்சுக்கு என்ன மதிப்பு என்பது தாங்கள் அறியாததல்ல. ஆனால் எந்த மாதத்தில் எந்தப் புட்டி கெடும், எந்த மாதத்தில் எந்த ஊர்ப் பிள்ளை முதல் மணிக்கு வராது என்பது எனக்குத் தெரியும்.

ஜூன், ஜூலை சான்றிதழ் மாதங்கள். டி.சி.யையும் மதிப்பெண் பட்டியலையும் அசலாகக் கல்லூரியில் கொடுப்பதற்கு முன் பத்து செட் ஜெராக்ஸ் எடுக்காத பிள்ளை, பிறகு ஒவ்வொரு உதவித்தொகை விண்ணப்பத்துக்கும் ஆபீஸ் ஜன்னலில் நிற்க வேண்டும். சாதிச் சான்று ஒருமுறை வாங்கினால் போதும். வருமானச் சான்று ஓராண்டுதான் செல்லும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வர வேண்டுமானால் வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். ஆதாரில் இனிஷியல் முன்னால், பத்தாம் வகுப்புப் பட்டியலில் பின்னால் என்றால் போச்சு, இ-சேவை மையத்துக்கு மூன்று நடை. அந்த மூன்று நாளும் வருகைப் பதிவேட்டில் ‘ஆப்சென்ட்’. இதையும் சாக்குக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

சென்னையில் அச்சாகும் பத்திரிகைகளுக்கு மழை என்றால் ஐப்பசிதான். எங்கள் வேலூர்ப் பக்கத்து வட ஆற்காட்டில் ஆடி, ஆவணியிலும் மழை உண்டு. பெரும்பாலும் சாயங்காலம் இடியோடு வரும். எங்கள் பிராக்டிகல் மதியம் 2 மணி முதல் 5 மணி வரை. பீஞ்சமந்தை மலைக் கிராமத்துப் பையன் ஒடுகத்தூர் போய், அங்கிருந்து மலை ஏற வேண்டும். மேற்கே கறுத்தால் நாலு மணிக்கே கிளம்பிவிடுவான். முதல் டைட்ரேஷன் (ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் சோதனை) முடிந்திருக்கும், இரண்டாவது ரீடிங் இருக்காது. ஒத்துவரும் இரண்டு ரீடிங் இல்லாமல் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட மாட்டார்கள். கையெழுத்து இல்லை என்றால் இன்டர்னல் மார்க்கில் கை வைப்பார்கள். 25 மார்க்கில் மூன்று போனால் அது அரியரில்தான் போய் நிற்கும்.

அக்டோபர், நவம்பரில் செமஸ்டர் பிராக்டிகல். அப்போதுதான் காற்று முழுக்க ஈரம். சோடியம் ஹைட்ராக்சைடு வெள்ளை மணிகளாக வரும்; மூடியைத் திறந்து தராசில் வைப்பதற்குள் வியர்த்துப் பிசுபிசுக்கும். லிட்டருக்கு 4 கிராம் போட்டால் 0.1 நார்மல் செறிவு என்பது பாடம். மழை நாளில் அந்த 4 கிராமில் கொஞ்சம் தண்ணீரும் இருக்கிறது, கரைசல் நீர்த்துப்போகும். அதனால்தான் லிட்டருக்கு 6.3 கிராம் ஆக்சாலிக் அமிலக் கரைசலை வைத்து அன்றன்றைக்கே சரிபார்க்க வேண்டும் என்பது விதி. அவசரத்தில் முந்தின நாள் கரைசலை ஊற்றிக் கொடுத்தால், ஒழுங்காகச் செய்த பிள்ளைக்குத்தான் விடை தப்பாக வரும். பக்கத்து மேசையைப் பார்த்து எழுதியவனுக்குச் சரியாக வரும்! ஆக்சாலிக் அமிலத்தோடு செய்யும் பெர்மாங்கனேட் டைட்ரேஷனிலும் இதே கதை. குடுவை 60, 70 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். ஜன்னல் வழியாக மழைக்காற்று அடித்து ஆறிவிட்டால் முதல் சொட்டின் இளஞ்சிவப்பே மறையாமல் நிற்கும். முதலாமாண்டுப் பிள்ளை அதையே முடிவு என்று எழுதிவிடும்.

மார்கழி, தையில் தொந்தரவு குறைவு. 16.6 டிகிரிக்குக் கீழே போனால் தண்ணீர் கலக்காத அசெட்டிக் அமிலம் புட்டிக்குள் உறைந்துகொள்ளும். மூடியைத் தளர்த்தி வெதுவெதுப்பான தண்ணீரில் நிற்க வைத்தால் சரியாகிவிடும். தீயில் காட்டக் கூடாது. சிவராத்திரி கழிந்து மயானக் கொள்ளைத் திருவிழா அன்று பாலாற்றங்கரைப் பக்கம் பேருந்தே நகராது. அந்த ஒரு நாளைச் சாக்கு என்று கட்டுரையாளர் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

ஏப்ரல் வேறு. ஈதர் 34.6 டிகிரியில் கொதிக்கும். எங்கள் ஆய்வக அறையின் வெப்பம் பதினொரு மணிக்கே அதைத் தாண்டும். அமோனியா புட்டியைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து, துணி சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் திறக்க வேண்டும். காலையில் காய்ச்சிய ஸ்டார்ச் மதியத்துக்குள் புளித்துவிடும். அயோடினை நீலமாகக் காட்டிக்கொடுக்கத்தான் அதை ஊற்றுவது; புளித்ததை ஊற்றினால் நீலம் சரியாக வராது. பர்னர் எரியும்போது மின்விசிறி போடக் கூடாது, தீ ஆடும். ஓர் அறையில் 20 பர்னர், விசிறி கிடையாது, வெளியே 40 டிகிரி. இதற்கு நடுவே ஒரு பெண் தனக்குக் கொடுத்த உப்பு எது என்று சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டும். செமஸ்டர் மே வரை இழுத்தால், குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கங்கையம்மன் சிரசுத் திருவிழா வந்துவிடும்; அந்த ஊர்ப் பிள்ளைகள் முந்தின நாளே வேலூரில் உறவுக்காரர் வீட்டுக்கு வந்து தங்குவார்கள். ஏப்ரல் வந்தால் தங்கள் பத்திரிகையில் வருவது ஒரே படம்தான்: துப்பட்டாவால் முகத்தை மூடிய நாலு மாணவிகள், ‘வேலூரில் வெயில் கொளுத்துகிறது’. வருடா வருடம் துப்பட்டாவின் நிறம் மட்டும் மாறுகிறது. அவர்கள் எந்தத் தேர்வு எழுதிவிட்டு வருகிறார்கள் என்று ஒருவராவது கேட்டிருப்பாரா?

வருகைக் கணக்குக்கு வருகிறேன். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள். 75 சதவீதம் என்றால் 68 நாள் வர வேண்டும். கையில் இருப்பது 22 நாள். காலை முதல் மணியில் பெயர் கூப்பிடும்போது இல்லையென்றால் அரை நாள் போய்விடும். பேருந்து இருபது நிமிடம் தாமதமானாலும் அரை நாள்தான். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது, டிசம்பரில் திருவலம் ரயில் பாலம் பழுதாகி ரயில்கள் நின்றன. அரக்கோணம், வாலாஜா பக்கத்திலிருந்து காட்பாடிக்கு ரயிலில் வரும் பிள்ளைகள் அந்த வாரம் எப்படி வந்து சேர்வார்கள்? அவர்களும் பருவத்துக்கு ஒரு சாக்கு வைத்திருந்தவர்கள்தானே.

இன்னொன்று. வேலூர் மாவட்டம் 2019-ல் மூன்றாகப் பிரிந்தது; ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போனது. தங்கள் பத்திரிகைக்கு மட்டும் ஆற்காடு இன்னும் வேலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. இதைச் சுட்டிக்காட்டி மூன்று முறை எழுதினேன். ஒருமுறை பிரசுரமானது: நான் எழுதிய பாராட்டு வரிகள் இரண்டும் அப்படியே வந்தன, திருத்தம் சொன்ன பத்தியைக் காணோம். இடமின்மை காரணமாக இருக்கலாம். பக்கத்திலேயே அரைப் பக்கத்துக்குப் பட்டுப்புடவை விளம்பரம் இருந்தது.

இது மாவட்டப் பெருமைக்காகச் சொல்வது இல்லை. கனமழை என்றால் விடுமுறை அறிவிப்பது அந்தந்த மாவட்ட ஆட்சியர். ஒரு நாள் ராணிப்பேட்டைக்கு மட்டும் வரும், ஒரு நாள் வேலூருக்கு மட்டும் வரும். ஒரு நாள் பள்ளிகளுக்கு மட்டும், ஒரு நாள் கல்லூரிகளுக்கும் சேர்த்து. வீடு ஆற்காட்டில், கல்லூரி வேலூரில் என்று இருக்கும் பிள்ளைக்கு இந்த இரண்டு விவரமும் தெரிய வேண்டும். தங்கள் இணையப் பக்கத்தில் வருவதோ ‘வேலூரில் இன்று விடுமுறை’. அதை நம்பி வீட்டில் இருந்தவளுக்கு அன்று ஆப்சென்ட். இன்னொரு நாள் நம்பாமல் நனைந்துகொண்டு வந்தவளுக்குப் பூட்டிய கேட். ஆய்வகச் சாவி என்னிடம் இருந்ததால் அப்படி வந்தவர்களை உள்ளே உட்கார வைத்து, தலை துவட்டிக்கொள்ள வடிதாள் (ஃபில்டர் பேப்பர்) கொடுத்திருக்கிறேன்.

ஆகவே என் வேண்டுகோள் இவ்வளவுதான். மழை விடுமுறைச் செய்தியில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களையும் தனித்தனி வரியில் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே பள்ளி மட்டுமா, கல்லூரியும் உண்டா என்று இரண்டு சொல். காலை ஏழு மணிக்குள் வந்தால் ஒடுகத்தூர்ப் பேருந்துக்கு முன்னால் பார்த்துக்கொள்வார்கள். மூன்று வரிக்கு இடம் இல்லை என்றால் இந்தக் கடிதத்தைப் போட வேண்டாம், அந்த இடத்தை அதற்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
காட்பாடி.