எகிப்திய அறநூலும் நீதிமொழிகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டைய எகிப்தியச் சமயத்தையும் யூத நம்பிக்கையையும் ஒப்பிட்டுத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, சூரியனை வழிபட்ட அரசன் அக்கெனாத்தனைப் பற்றி மட்டுமே பேசிவிட்டு, இவ்விரண்டின் உறவுக்கு இன்னும் வலுவான சான்றான, அமெனெமோப்பே என்ற பண்டைய எகிப்தியரின் அறிவுரை நூலைத் தொடாமல் விட்டது பெருங்குறை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள அந்தப் பாப்பிரஸ் சுவடியை 1923-இல் எகிப்தியல் அறிஞர் வாலிஸ் பட்ஜ் வெளியிட்டார். மறு ஆண்டே ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் எர்மன், விவிலியத்தில் உள்ள எபிரேய மொழி அறநூலான நீதிமொழிகளின் 22, 23-ஆம் அதிகாரங்களோடு அதற்குள்ள நெருக்கத்தைச் சுட்டிக்காட்டினார். ஏழையைக் கொள்ளையிடாதே, கோபக்காரனோடு சேராதே, எல்லைக்கல்லை நகர்த்தாதே என்னும் அறிவுரைகள் இரண்டிலும் உள்ளன. நிலையாத செல்வம் எகிப்திய நூலில் வாத்துகளைப் போலவும், எபிரேய நூலில் கழுகைப் போலவும் வானில் பறந்துவிடுகிறது.

ஆனால் நீதிமொழிகளை எகிப்திய நூலின் வெறும் நகல் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. எல்லைக்கல்லை நகர்த்துபவன் சந்திரனின் வலிமையால் பிடிபடுவான் என்று எகிப்திய நூல் எச்சரிக்க, திக்கற்ற பிள்ளைகளின் நிலத்தில் கைவைக்காதே, அவர்களின் மீட்பரான கடவுள் வல்லவர், அவரே அவர்களுக்காக வழக்காடுவார் என்கிறது எபிரேய நூல். இவ்விரு பகுதிகளையும் அருகருகே அச்சிட்டுத் தொடர்கட்டுரை ஒன்று வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்