துணிச்சலும் நான்கு நொடிக் குரலும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெண் இயக்குநர்கள் தங்கள் சொந்த வாழ்க்கையை ஆவணப்படமாகவும் காணொளிக் கலையாகவும் ஆக்குவது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் அந்த அரைப் பக்கத்தில் ‘துணிச்சல்’ என்ற சொல் 7 இடங்களில் வருகிறது. பென்சிலால் கோடு போட்டு எண்ணினேன். ‘படத்தொகுப்பு’ ஓரிடத்தில்கூட இல்லை. 22 ஆண்டுகளாகப் படத்தொகுப்பாளராக இருப்பவளின் வயிற்றெரிச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் ஆண் தன் தந்தையைப் பற்றிப் படமெடுத்தால் அதன் வடிவத்தைப் பேசுகிறோம். ஒரு பெண் தன் தாயைப் பற்றி எடுத்தால் மனத்தைத் திறந்து கொட்டிவிட்டாள் என்கிறோம். கொட்டுவதற்குக் கேமரா எதற்கு? தோழி ஒருத்தி போதுமே.

பாலஸ்தீனக் குடும்பத்தில் பிறந்த கலைஞர் மோனா ஹாதூம் 1988-இல் செய்த 15 நிமிடக் காணொளியை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் இருக்கும் மகளுக்கு, போர் நடக்கும் பெய்ரூட்டிலிருந்து தாய் எழுதிய கடிதங்கள்தாம் அதன் கரு. தாய் குளிக்கும்போது மகள் எடுத்த புகைப்படங்கள் திரையில் வருகின்றன. அவற்றின் மேல் தாயின் அரபுக் கையெழுத்து வரி வரியாகப் படர்கிறது. அந்த உடலை நாம் முழுதாகப் பார்க்க முடியாதபடி எழுத்தே மறைக்கிறது. ஒருபக்கம் தாயும் மகளும் அரபியில் பேசிச் சிரிக்கும் ஒலி; இன்னொரு பக்கம் அதே கடிதங்களை மகள் ஆங்கிலத்தில் படிக்கும் தணிந்த குரல். எதைக் காட்டுவது, எதை மூடுவது என்று ஒவ்வொரு சட்டகத்திலும் யோசித்திருக்கிறார். இதைத் ‘துணிச்சல்’ என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டால் அவர் செய்த வேலை எங்கே போனது?

இன்னொன்றையும் கட்டுரையாளர் தொடவில்லை. இந்தப் படங்கள் பலவும் காட்டுவதற்குப் பழைய படமோ ஒலியோ கையில் இல்லாமல் தொடங்குகின்றன. தன் குடும்பத்தைப் பற்றிப் படமெடுத்த மொராக்கோ இயக்குநர் அஸ்மே எல் முதீரின் பாட்டி, வீட்டில் புகைப்படமே கூடாது என்றிருந்தவர். பேத்தியிடம் இருந்தது ஒரே ஒரு சிறுவயதுப் படம். அதில் இருப்பது தான்தானா என்பதே அவருக்குச் சந்தேகம். 1981-இல் காசாபிளாங்காவில் ரொட்டி விலை உயர்வை எதிர்த்து எழுந்த கிளர்ச்சி ஒடுக்கப்பட்டதையும் அந்தக் குடும்பம் பேசியதில்லை. அவர் என்ன செய்தார்? தெருவையும் வீட்டையும் ஆட்களையும் சின்னச் சின்ன மாதிரிகளாகத் தந்தையைக் கொண்டே செய்யவைத்து, அவற்றின் முன் குடும்பத்தை உட்காரவைத்தார். 2023-இல் கான் திரைப்பட விழாவின் ஒரு பிரிவில் சிறந்த இயக்கத்துக்கான விருது அதற்குக் கிடைத்தது. அந்தப் பொம்மைத் தெருவைத் தந்தது துணிச்சல் அன்று, இல்லாமை.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. அம்மா இறந்து 6 ஆண்டுகள் கழித்து நானும் 18 நிமிடத்தில் ஒரு படம் செய்தேன். பழைய ஆல்பங்களில் அம்மா எப்போதும் ஓரத்தில்தான். யாராவது ஒருவரின் தோளுக்குப் பின்னால் பாதி முகம். குரல் என்று எஞ்சியது 4 நொடி. அண்ணன் வானொலியிலிருந்து பாட்டைக் கேசட்டில் பதிவு செய்தபோது அடுத்த அறையிலிருந்து அம்மா, “போதும், அதை நிறுத்து” என்கிறார். உடனே டக்கென்று பொத்தான் விழும் ஓசை. அவ்வளவுதான்.

அந்த 4 நொடியை எங்கே வைப்பது? முடிவில் வைத்துப் பார்த்தேன். பார்ப்பவரை அழவைக்க விரித்த வலைபோல் இருந்தது. தொடக்கத்தில் வைத்தேன், படத்தையே நிறுத்தச் சொல்வதுபோல் ஆகி, உடன் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நாடாவின் இரைச்சலைக் கருவியால் துடைத்தேன். குரல் யாரோ ஒருத்தியுடையதாகிவிட்டது. மறுபடியும் இரைச்சலைச் சேர்த்து நடுவில் வைத்தேன். 3 வாரங்கள் போயின. நிறுத்து என்று சொல்பவரின் குரலைப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

படத்தை முதன்முதலில் தொகுத்து முடித்ததும் சித்தியிடம் காட்டினேன். அம்மா ஒருமுறை 4 மாதம் வீட்டைவிட்டுப் போயிருந்தது பற்றிப் பின்னணிக் குரலில் ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். சித்தி பார்த்துவிட்டு, “அக்கா உன்னிடமே சொல்லாததை நீ ஊருக்குச் சொல்லப்போகிறாயா?” என்று கேட்டார். எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் யாரும் இல்லாத படிக்கட்டு 9 நொடி பேச்சில்லாமல் ஓடுகிறது. திரையிடலுக்குப் பின் ஒரு மாணவி வந்து, “படிக்கட்டில் ஏதோ விட்டுப்போயிருக்கிறதே?” என்றாள். என்னைத் துணிச்சல்காரி என்று எழுதியவர்களும் உண்டு. நான் பின்வாங்கிய இடம்தான் அந்தப் படிக்கட்டு.

இந்த வகைப் படங்கள் எல்லாம் நல்லவை என்று சாதிக்க வரவில்லை. மங்கலான புகைப்படம், அழுத்தி அழுத்தி வாசிக்கும் பியானோ, கிசுகிசுத்த குரல் என்று ஒரே அச்சில் வார்த்தவை நிறைய. அப்படிச் சிலவற்றை நானே வெட்டி ஒட்டியிருக்கிறேன். அவற்றைக் குறை சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் அதற்கும் துணிச்சல் என்ற அளவுகோல் உதவாது.

கட்டுரையின் இரண்டாம் பகுதி அடுத்த ஞாயிறு வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். படத்தின் நீளத்தையும் ஒலிப்பதிவாளர், படத்தொகுப்பாளர் பெயர்களையும் தயவுசெய்து சேர்த்து அச்சிடுங்கள். கட்டுரையாளரிடம் ஒரு வேண்டுகோள்: பெல்ஜிய இயக்குநர் ஷான்டால் அகெர்மன் 1970-களில் நியூயார்க்கில் எடுத்த படத்தை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேட்கட்டும். தாய் எழுதிய கடிதங்களை அகெர்மனே படிக்கிறார். வண்டிகளின் இரைச்சலும் ரயில் சத்தமும் வந்து பல வரிகளை விழுங்கிவிடுகின்றன. அங்கே தாய் என்ன எழுதியிருந்தார் என்பது நமக்குக் கேட்பதே இல்லை.

இப்படிக்கு,
ஆவணப்படத் தொகுப்பாளர் ஒருவர்